நாய்களுள்ள முற்றத்துக்கு ஒரு பூக்கன்று

மடத்துவெளிக் கிராமத்தில் அண்ணன் தியாகலிங்கத்தின் வீட்டில் தங்கி அதைப் பராமரித்தே ஞானசவுந்தரி களைத்துப்போனாள். அயலவர்கள் கனடா, சுவிஸ் என்று கிளம்பியபோது வீட்டுச் சாவியை மறக்காமல் உறவுக்காரரிடம் கொடுத்தார்கள். நாய்களை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அவை மூன்றும் தாமாகவே வந்து இவள் முற்றத்தில் படுத்துக்கொண்டன. சோறு போட்ட பாவத்துக்கு இப்போது அவை இவளுடைய நாய்கள்.

அண்ணன் கனடாவிலிருந்து போனில் பிடித்துக்கொண்டார்.

"திருவிழாவுக்குப் பிள்ளையளோட வாறன். முற்றம் மொட்டையாக் கிடக்கு. ஒரு பூக்கண்டெண்டாலும் நிக்கவேணும். நாயள் விடாதெண்டால், நாயளைக் கலைச்சுவிடு."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவள் முன்பு நட்ட ரோசாவையும் நந்தியாவட்டையையும் நாய்கள் ஏற்கெனவே வேரோடு கிண்டிப் போட்டுவிட்டன. இனி வைப்பது நிற்காவிட்டால் நாய்கள் போகவேண்டியதுதான்.

வேலணையில் பூக்கன்று விற்கிறவன் அலரியைக் காட்டினான். "உப்புத் தண்ணிக்கும் அசையாது, அக்கா."

"நாய் கடிச்சால்?"

"கடிச்சால் நாய் துலைஞ்சுது. அலரி நஞ்செல்லே."

ஒரு கணம், அதுவும் நல்லதுதான் என்று நினைத்துவிட்டாள். பிறகு தன்னையே வைதுகொண்டு, குட்டையாய், தண்டு தடித்து நின்ற எக்ஸோறா என்ற வெட்சிக் கன்று ஒன்றை வாங்கி வந்தாள்.

கிடங்கு வெட்டி நட்டு, சுற்றிக் கல் அடுக்கி, மீன் கழுவின தண்ணீரை அடியில் ஊற்றினாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு; பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீரைப் பூமரத்துக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? மீன் தண்ணீர் விட்டால் பூக் குலுங்கும் என்று ஊரெல்லாம் செய்கிற வேலைதான்.

விடிந்து பார்த்தால் கன்று சரிந்து கிடந்தது. பக்கத்தில் மூக்கெல்லாம் மண்ணோடு, மூன்று நாய்களில் செந்நிறமான சிவலை வாலாட்டிக்கொண்டு நின்றது.

அவளுக்கு ஏசவும் தென்பில்லை. ஒன்றைத் தள்ளினால் மற்ற இரண்டையும் வைத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். கன்றைத் திருப்பி நட்டுவிட்டு, ஓட்டோ பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், நெடுந்தீவில் மாடு வளர்க்கும் செபமாலையிடம் சிவலையின் கயிற்றைக் கொடுத்தாள். வள்ளம் வெளிக்கிடும் மட்டும் அது இவளையே பார்த்தது. இவள் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் மீன் கழுவிய சட்டி கைதவறிக் கவிழ்ந்தது. தண்ணீர் வெறும் மணலில் கொட்டுண்டு சுவறியது. மற்ற இரண்டு நாய்களும் ஓடிவந்து அந்த இடத்தை முன்னங்கால்களால் கிண்டத் தொடங்கின. அங்கே பூவும் இல்லை, கன்றும் இல்லை; மீன் மணம்தான் இருந்தது.

ஞானசவுந்தரி கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். ரோசாவுக்கும் நந்தியாவட்டைக்கும் அதே தண்ணீரைத்தான் தன் கையால் ஊற்றினாள். பிழை முழுக்கத் தன்னுடையது. ஊரைவிட்டுப் போனது வாயில்லாத சீவன்.

உடனே செபமாலைக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, நாயைத் திருப்பி அனுப்பிவிடும். அதில ஒரு பிழையும் இல்லை."

"அக்கா, வந்த அண்டைக்கு அது ஒண்டும் தின்னேல்லை. இண்டைக்குத்தான் மாட்டுக்குப் பின்னால போகத் தொடங்கியிருக்கு. திரும்பவும் இழுத்து அலைக்கழிக்காதையுங்கோ. பாவம்."

அவன் சொன்னது நியாயம். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். போனுக்குள் காற்று இரைந்தது. அதற்கப்பால் தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. இத்தனை காலம் சோறு போட்டவள்; அது சிவலையின் குரல்தானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க ஏலாமல் இருந்தது.