கையில்லாத கவுனில் ஒரு துப்பாக்கி

1

கிட்டே வாருங்கள், செல்லங்களா. விசிறிக் காற்று படுகிற பக்கமாக உட்காருங்கள், வெளியே தார் உருகுகிறது. ஒரு கதை சொல்லப்போகிறேன். அதில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பயப்படவேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடைசிவரை தெரியப்போவதும் இல்லை.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, துணி தெரியும். எங்கள் ஊரான சான் ஆஞ்சலோவில் ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். ஒரு மே மாத மதியம் நோரீன் டாக்கெட் உள்ளே வந்து, மஞ்சள் பருத்திக் கவுன் ஒன்றை என் மேசைமேல் போட்டாள். கை வைக்காத கவுன்.

"இதுக்குள்ள ஒண்ணை ஒளிக்கணும். வெளியில தெரியக்கூடாது."

"எவ்வளவு பெரிசு?"

"அதை வாங்கத்தான் போறேன். நீயும் கிளம்பு. துணி ஒத்துக்குமான்னு நீ சொல்லு, மிச்சத்தை ஹோலிஸ் சொல்லட்டும்."

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'வெண்டல் சிறையிலிருந்து வெளியே வந்த அன்று வானம்

இல்லை. வானத்துக்கு இங்கே வேலை இல்லை.

'பயந்துபோன ஒரு பெண்

இதை நோரீன் பார்த்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் பயத்திடம் சாவியைக் கொடுத்துவிடவில்லை.

'நெடுஞ்சாலை ஓரத் தகரக் கடையில் ஐஸ் சீவி, சிரப் ஊற்றி விற்கிறவள் நோரீன். அவளுடைய முன்னாள் கணவன் வெண்டல் ஆகஸ்டில் விடுதலையாகிறான். அவன் கிட்டே வரக்கூடாது என்று நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்திருக்கிறது. வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறான். கடையை மூடிவிட்டு எங்காவது போ என்கிறார்கள் எல்லாரும்.'

அழகில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

3

ஹோலிஸ் தன் துப்பாக்கிக் கடையில் எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பொம்பளைங்க இதைத்தான் விரும்புவாங்க, கண்ணு. வெயில் காலத்துக்கு ஏத்தது. கைப்பையில போட்டுக்கிட்டா முடிஞ்சுது."

"அவன் மொதல்ல புடுங்குறதே கைப்பையைத்தான், ஹோலிஸ்."

கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கிற இடம். அந்தக் குட்டித் துப்பாக்கி, கழுதையைப் போல உதைத்தது. சின்னதாக ஆக ஆக உதை பெரிதாகுமாம். எதிரே தொங்கிய காகித மனிதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைவிட மோசம், மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் குண்டு ஏறும், நோரீனால் இழுக்க முடியவில்லை. இடது மணிக்கட்டு. அது எப்படி முறிந்தது என்று ஊருக்கே தெரியும். ஹோலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

அடுத்தது பெரியது. சுகமாகச் சுட்டாள். காகித மனிதனின் நெஞ்சு கந்தலானது. கடைக்குள் திரும்பி வந்து அவள் கவுனுக்கு மேலே வைத்துப் பார்த்தேன். வயிற்றில் இட்லித்தட்டு கட்டினமாதிரி இருந்தது.

"இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்றார் ஹோலிஸ். "மேல ஒரு ஆம்பளைச் சட்டையைத் தொளதொளன்னு மாட்டிக்கோ. நாங்க எல்லாரும் அதானே பண்றோம்?"

நோரீன் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஆகஸ்டு மாசம், தகரக் கொட்டாயி, சட்டைக்கு மேல சட்டை. சரி, அதை விடு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவன் சொன்னபடிதான் உடுத்தினேன். ஜூலையிலயும் மணிக்கட்டு வரைக்கும் கை வெச்ச சட்டை. அடி வெளிய தெரியக்கூடாதில்ல? இப்ப ஒரு இரும்புத்துண்டு சொல்றபடி உடுத்தணுமா? அது என் கவுனுக்குள்ள அடங்கட்டும். அடங்கலைன்னா வேற எடு."

கடையில் வேட்டைத் தொப்பி வாங்க வந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். ஹோலிஸ் தன் தொப்பியைக் கழற்றினார்.

"சரிங்கம்மா," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அவளைக் கண்ணு என்று கூப்பிடவே இல்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. குட்டியைவிடக் கொஞ்சம் நீளம், ஆனால் தட்டை. மேல்பகுதி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. ஐஸ் பெட்டிக்குள் குனிகிறமாதிரி அவளைக் குனியச் சொன்னார், அலமாரியை எட்டச் சொன்னார். அவள் அங்கேயே நின்று இல்லாத ஐஸைச் சீவினாள், இல்லாத சிரப்பை ஊற்றினாள். "எனக்கு ஒரு செர்ரி!" என்றான் தொப்பிக்காரன்.

"வேர்வை உப்பு இரும்பைத் தின்னுடும்மா. ராத்திரி ராத்திரி துடைச்சு எண்ணெய் போடணும். விசை மேல துணி படவே கூடாது, கெட்டித்தோல் உறை கட்டாயம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த உறையை எங்க வெக்கிறதுங்கறது உங்க சாமர்த்தியம்."

(இந்த இடத்தில் ஹோலிஸைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். இந்த மனிதர் பயத்தை விற்கிறவரா, பயத்துக்கு மருந்து விற்கிறவரா? பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் விலையைக் குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

4

எங்கே வைத்துத் தைத்தேன் என்பதை எழுத உட்கார்ந்தேன். 'கவுனின்

அவ்வளவுதான். நோரீன் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறாள். நீங்கள் என் செல்லங்கள்தான். இருந்தாலும் உங்கள் வாய் எப்படிப்பட்டது என்று எனக்கு என்ன தெரியும்?

சரி பார்த்த விதத்தை மட்டும் சொல்லலாம். எங்கள் தேவாலயத்தில் கட்டிப்பிடிக்காமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. அணைக்கிற கை நேராக இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். இதைவிடக் கடுமையான பரிசோதனை ஏது? முதல் ஞாயிறு, ஹோலிஸ் நோரீனை அணைத்துவிட்டு அவள் காதில், "வலப்பக்கம். தெரியுதும்மா," என்றார். பிரித்துத் தைத்தேன். அடுத்த ஞாயிறு ஆர்கன் வாசிக்கிற அம்மாள், "ஏண்டி, இப்படி மெலிஞ்சிட்டே? எலும்பு குத்துது!" என்று கத்தினாள். மறுபடி பிரித்தேன். அதற்கடுத்த ஞாயிறு ஊரே அவளைக் கட்டிப்பிடித்தது. ஒருவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை.*

நோரீன் அன்று காரில் உட்கார்ந்துதான் சொன்னாள்: "வெண்டலும் இப்படித்தான். வாசல்ல கட்டிப்பிடிப்பான். பார்க்கிறவங்களுக்கு ஆசையா இருக்கிறமாதிரி இருக்கும். கை மட்டும் என் பாக்கெட்டெல்லாம் தேடும். பணம் இருக்கா, போன் இருக்கான்னு."

* அந்த ஞாயிறுகளில் நானும் எல்லாரையும் அணைத்தேன். எத்தனை பேர் இடுப்பில் என் கை எதில் இடித்தது என்று சொல்லமாட்டேன். போதகரைக் கேட்காதீர்கள்.

5

ஆகஸ்ட். கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் பெஞ்சில் உட்கார்ந்து 'புலி ரத்தம்' தின்றுகொண்டிருந்தேன். அது ஒரு சிரப்பின் பெயர். என் மடியில் சிவப்பாகச் சொட்டியது. அதை வைத்து முடிவை ஊகிக்க வேண்டாம், அது சிரப்பேதான்.

வெண்டலின் லாரி வந்து நின்றது. பெஞ்சிலிருந்து ஒருவர் போலீசுக்குப் போன் போட்டார். அவர்கள் வருவார்கள், வரும்போது. வெண்டல் வரிசையில் நிற்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனான்.

"மஞ்சளு நல்லா இருக்கு," என்றான். "கை இல்லாம. யாருக்காக?"

"வெயிலுக்காக."

"ஐஸ் மேல ஊறுகாய்த் தண்ணி ஊத்தி ஒண்ணு குடு. நான் எப்பவும் சாப்பிடுறது."

"மறந்துபோச்சு."

"நீ என்னமோ வாங்கியிருக்கேன்னு ஊர்ல பேசிக்கிறாங்க." ஜன்னல் சட்டத்தில் கையை ஊன்றிச் சிரித்தான். "வெளிய வாடி. பழகின பழக்கத்துக்கு ஒருதடவை கட்டிப்பிடிச்சுக்கலாம்."

நோரீன் இரண்டு கைகளையும் தூக்கினாள். மேல் அலமாரியிலிருந்து ஒரு சிரப் பாட்டிலை எடுக்க. அவசரமே இல்லாமல் எடுத்தாள். அக்குள் தெரிந்தது, கவுன் உடம்போடு இழுபட்டது. அவன் பார்த்தான். இடுப்பு, மார்பு, குனிந்து எட்டி முழங்கால்வரை. துணி ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் பிடுங்கப் பார்ப்பான். இல்லை என்று தெரிந்தால் உள்ளே நுழைவான். இரண்டும் தெரியாமல் அவன் கை சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவன் மேலுதட்டில் வேர்வை பூத்தது.

"இங்க ஐஸ் மட்டும்தான் விக்கிறோம். அதுவும் உனக்கு இல்ல," என்றாள் நோரீன். அவன் தலைக்கு மேலாகப் பார்த்து, வெயிலைக் கிழிக்கிற குரலில் கூப்பிட்டாள்:

"அடுத்து யாரு?"

6

கதையில் துப்பாக்கியைக் காட்டினால் அது வெடித்தாகவேண்டும் என்கிறார்கள், எழுதச் சொல்லித்தருகிறவர்கள். என் சமையல்கட்டில் அரிவாள்மனை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் காய்கறியைத் தவிர அது எதையும் நறுக்கியதில்லை. அதற்காக அது பொய்யா? மேலும், நான் எங்கே காட்டினேன்? மறைக்கத்தானே தைத்தேன்?

வெடிக்கிற முடிவை எழுதினேன். கிழித்துப் போட்டேன். அதில் வெண்டல்தான் பெரிய ஆளாகிறான். அவன் தலைகுனிந்து லாரியில் ஏறிப்போகிற முடிவையும் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. அவள் கடையை மூடிவிட்டுப் போகிற முடிவை மட்டும் எழுதமாட்டேன். யார் கேட்டாலும் மாட்டேன்.

ஆகவே அவன் இன்னும் ஜன்னலில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வரிசை. ஹோலிஸ் இருக்கிறார், ஆர்கன் அம்மாள் இருக்கிறாள், தொப்பிக்காரனும் இருக்கிறான். எல்லாருக்கும் முன்னால், வெண்டலின் முதுகுக்கு நேர் பின்னே நிற்பது நீங்கள். இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றீர்களே, அந்த இடம் உங்களுடையதுதான். அவள் உங்களைத்தான் கூப்பிட்டாள்.

முன்னே போங்கள். என்ன சிரப் வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டுப் பெண்கள் வெயிலுக்குத் தகுந்தபடி உடுத்தட்டும். உங்கள் வாசலில் கட்டிப்பிடிக்கிற கை எதையும் தேடாத கையாக இருக்கட்டும். உங்கள் வீட்டுத் தண்ணீர் குளிர்ந்தே இருக்கட்டும்.