மதிலில் ஒரு பொட்டு

இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஆரபி என்ற பிள்ளை பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் சண்டிலிப்பாய்க் கொட்டிலுக்கு வந்தபோது அவளிடம் அறுபத்துநான்கு கேள்விகள் இருந்தன. முதல் மூன்றுக்கே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. ஓடும்போது என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது வீட்டு முன்கதவை நிலையோடு கழற்றிச் சைக்கிளில் கட்டினேன். மானிப்பாயில் களைத்துப்போய், கதவை நிமிர்த்திவைத்து அதன் நிழலில் இருந்தபோது மற்றப் பக்கத்தில் யாரோ தட்டினார்கள். திறந்தேன். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டுச் சாத்தினேன்.

ஆரபி பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ‘கதவு, ஒன்று’ என்று மட்டும் எழுதினாள். கெட்டிக்காரி.

போன வருடம் எங்கள் காணியை இராணுவம் விடுவித்தது. முப்பத்துமூன்று வருடக் காடு. வெட்டிக்கொண்டு போனேன், கிணற்றடியில் ஒரு உடும்பு நின்றது. அது அங்கேயே பிறந்து வளர்ந்தது, காணி உறுதிப்பத்திரம் என்னிடம் இருந்தாலும் உரிமை தனக்குத்தான் என்பதுபோல் பார்த்தது. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு கிணற்றடியை எனக்கு விட்டுத்தந்தது. வீட்டுத்திட்டத்தில் வீடும் கிடைத்துக் கட்டி முடித்தாயிற்று. பிறகு ஒரு கடிதம் வந்தது. வைகாசி முடிவதற்குள் குடியேறாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குப் போகும்.

என் மனைவி கமலாவதி வரமாட்டேன் என்றாள். பாம்பு என்றாள், பற்றையை வெட்டினேன். இருட்டு என்றாள், கரண்ட் எடுத்தேன். பஸ் இல்லை என்றாள், நேரம் எழுதிக் கொண்டுவந்து காட்டினேன். அப்படியும் மாட்டேன் என்றாள்.

ஆராய்ச்சியின் முறைப்படி கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்க வேண்டுமாம். அவள் சொல்வது இரகசியம், எனக்குச் சொல்ல முடியாது என்று ஆரபி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவளைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஆனால் கமலாவதி இரகசியம் கதைத்தால் சங்கானைச் சந்தைக்குக் கேட்கும். திரும்பிப் போகாததற்கு முக்கிய காரணம் என்ன என்பது நாற்பத்தோராவது கேள்வி.

“அங்கை வேலி இல்லைப் பிள்ளை, மதில். மதிலிலை பொட்டு இல்லை. நான் ஆரோடை கதைக்கிறது? உந்த மனிசனோடையோ?”

பொட்டு என்பது வேலியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு விடுகிற இடைவெளி. யாரும் திட்டம் போட்டு வைப்பதில்லை, பெண்கள் போய்வரப் போய்வர அது தானாக உண்டாகும். இங்கே பக்கத்து வளவில் இருப்பது மக்டலீன், கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இருபத்தொரு வருடமாகக் கறி, நெருப்புப்பெட்டி, ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டால்தான் போய்வருகின்றன. எங்கள் மூத்தவளின் கலியாணப் பேச்சே அதற்குள்ளால் குனிந்துகொண்டுதான் வந்தது.

ஆரபியின் தாளில் தண்ணீர், வீதி, தொழில், பாதுகாப்பு என்று கட்டங்கள் இருந்தன. பொட்டுக்குக் கட்டம் இல்லை. ‘ஏனையவை’ என்பதில் எழுதினாள்.

அடுத்த நாளே ஊருக்குப் போய்ப் பக்கத்துக் காணிக்காரர் பிரகலாதனைப் பிடித்தேன். வீடு கட்டுவதற்கு முன்பே ஏழடி மதில் கட்டிய மனிசன் அவர்.

“பதினொரு இடத்திலை இருந்தனான் அண்ணை,” என்றார். “பள்ளிக்கூடம், கோயில் மடம், முகாம். ஒரு சீலையைக் கட்டி அதுக்குப் பின்னாலை குடும்பம் நடத்தினனான். இந்த மதிலிலை ஒரு கல்லும் கழறாது.”

பேச்சில் தோற்று வீட்டுக்குத் திரும்பினேன். எழுபத்துநான்கு வருடத்தில் இது இரண்டாவது தடவை.

ஒரு வாரம் யோசித்தேன். மதில் அவருடையதுதான். ஆனால் மதிலின் இந்தப் பக்கம் என் காணியில் அல்லவா நிற்கிறது. ஆகவே ஒரு நல்ல நிழலான இடம் பார்த்து அலவாங்கால் மூன்று இடி இடித்தேன். கல் மறுபக்கம் விழுந்தது. ஓட்டைக்குள் பார்த்தால் பிரகலாதன் தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு தன் கிணற்றடியில் நிற்கிறார். பொட்டு வைக்கிற இடத்தை ஆம்பிளை தெரிவுசெய்தால் இப்படித்தான்.

“அண்ணை,” என்றார்.

“ஓம் தம்பி.”

“உது என்ன?”

“காத்துக்கு.”

பின்னேரத்துக்குள் சீமெந்து குழைத்து அடைக்கிறேன் என்றார். அதற்குள் சத்தம் கேட்டு அவருடைய மனைவி சுவர்ணா வந்தாள். சாவகச்சேரிப் பக்கத்தவள். ஒரு வருடமாக அவளை நான் கண்டதுமில்லை, குரல் கேட்டதுமில்லை. ஓட்டையைப் பார்த்தாள். சவர்க்காரத்தைப் பார்த்தாள்.

“கிணத்தடியிலை வேண்டாம். குசினிப் பக்கமா எடுங்கோ. ஆள் குனிஞ்சு வாற அளவுக்கு.”

பிரகலாதன் பதினொரு இடத்தையும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

“அந்தப் பதினொரு இடத்திலையும் எனக்குக் கதைக்க ஆள் இருந்தது,” என்றாள் சுவர்ணா. “இஞ்சை நான் மதிலோடை கதைக்கிறன்.”

பிரகலாதன் எண்ணுவதை விட்டார். ஒரு வாளி தண்ணீர் வார்த்தார். இன்னொரு வாளி வார்த்தார். பிறகு துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து அலவாங்கை வாங்கினார். கிணற்றடி ஓட்டையை அடைத்துவிட்டு, குசினிப் பக்கத்தில் மட்டப்பலகை வைத்து அளந்து பொட்டு எடுத்தார். அவ்வளவு நேரான பொட்டு யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை கமலாவதியைச் சும்மா பார்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். ஆரபியும் வந்தாள், அவளுக்கு நாற்பத்திரண்டாவது கேள்வி பாக்கி. கமலாவதி வீட்டைப் பார்க்கவில்லை, நேரே பொட்டடிக்குப் போனாள். சுவர்ணா அந்தப் பக்கம் குந்தியிருந்தாள். நான் ஒரு நித்திரை கொண்டு எழும்பியபோது இருவரும் எங்கள் இரண்டாவது மருமகனின் குணத்தில் நின்றார்கள். ஒரு கிண்ணம் கத்தரிக்காய்க் குழம்பும் வந்திருந்தது. கொண்டுபோன பாணோடு மூவரும் அதைத் தின்று முடித்தோம்.

கமலாவதி கிண்ணத்தைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

“வெறுங்கிண்ணத்தை எப்பிடிக் குடுக்கிறது?” என்றாள். “விறகு எங்கை கிடக்கு?”

பால் காய்ச்ச நல்ல நாள் இன்னும் பன்னிரண்டு நாள் தள்ளித்தான் என்று சாத்திரியார் குறித்துத் தந்திருந்தார். அதைச் சொன்னேன். அவள் அதற்குள் மதிலோரம் முருங்கை இலை முறித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சாமானும் இல்லை. நெருப்புப்பெட்டி, தாச்சி, தேங்காய், உப்பு எல்லாம் பொட்டால் வாங்கினாள். சுவர்ணாவின் தாச்சியில் சுவர்ணாவின் தேங்காயைப் போட்டு வறை வறுத்துச் சுவர்ணாவின் கிண்ணத்தில் சுவர்ணாவுக்கே கொடுத்தாள்.

சுவர்ணா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். “உப்புக் கொஞ்சம் காணாது அக்கா.”

“உன்ரை உப்புத்தான் பிள்ளை,” என்றாள் கமலாவதி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பஸ் போன சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஆரபி தாளை விரித்தாள். எப்போது திரும்பிவர உத்தேசம் என்பது கேள்வி.

“தாச்சியும் பாதித் தேங்காயும் என்னட்டை நிக்குது,” என்றாள் கமலாவதி. “உதுகளைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் இஞ்சைதானே இருக்கவேணும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “இஞ்சாருங்கோ, நீங்கள் போய்ப் பாயையும் கோழியளையும் கொண்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மக்டலீனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. பொட்டு எந்தப் பக்கமெண்டு நான் அவவுக்குக் காட்டவேணும்.”