திமிங்கிலம் பார்க்கப் போனவர்கள்

கண் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, ஊரார் கண்களுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுப்பவள் அவள். டாக்டர் எவ்வளவு தாமதமாக வந்தாலும், காத்திருப்பவர்கள் முகம் சுளிக்காதபடி முன்பின் மாற்றி அனுப்பிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் சொந்தக் குடும்பத்தை வெளியே அழைத்துப் போவதில் மட்டும் செல்லுபடியாகவில்லை.

காரணம் சின்னவன். ஆறு வயதாகியும் பேச்சு முழுதாக வரவில்லை. கூட்டமும் கூச்சலும் ஆகவே ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். அருங்காட்சியகத்துக்குப் போனபோதெல்லாம் இப்படித்தான். பெரியவள் பாறைகளைப் பார்த்திருக்கிறாள், பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருக்கிறாள். திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கும் கடைசிக் கூடத்தை மட்டும் எட்டியதில்லை.

பெரியவள் அதற்காக ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. அதுதான் தாய்க்கு உறுத்தியது. பன்னிரண்டு வயதுப் பெண் எதற்கெடுத்தாலும் "பரவாயில்லம்மா" என்று சொன்னால் எந்தத் தாய்க்கு மனசு கேட்கும்?

இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். அருங்காட்சியகத்துக்கே போன் போட்டு, கூட்டம் எப்போது குறைவு என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம கதவு தொறந்ததும் வந்துருங்க மேடம். மத்தியானம் ஆனா கால் வைக்க எடம் இருக்காது" என்றார் எடுத்தவர்.

ஏசி பழுது பார்க்கும் கணவனிடம் முன்கூட்டியே கறாராகப் பேசிவிட்டாள். "ஏங்க, அன்னைக்கு யார் வீட்டு ஏசி நின்னாலும் நீங்க வரமாட்டீங்க. உள்ள நுழைஞ்சதும் நேரா திமிங்கிலம். மத்ததெல்லாம் அப்புறம்."

"சாப்பாட்டுல பாயசத்தை மொதல்ல வைக்கிற மாதிரி" என்று சிரித்தான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கும்போதே போய் நின்றார்கள். ஆனால் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பேருந்துகள் அவர்களுக்கு முன்பே வாசலில் வந்து நின்றிருந்தன. வந்தது வந்தாயிற்று என்று உள்ளே போனார்கள். நீண்ட நடைகூடத்தில் அத்தனை பிள்ளைகளின் சத்தமும் சுவரில் மோதித் திரும்பியது. சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"பரவாயில்லம்மா, போயிடலாம்." பெரியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பியே விட்டாள்.

கணவன் குனிந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டான். "நீங்க ரெண்டு பேரும் போங்க. இவனை நான் பாத்துக்கறேன்."

"நான் இல்லாம அவன் அடங்க மாட்டானே."

"நீ எங்க விட்டுப் பாத்தே? நானும் அவனுக்கு அப்பன்தானே."

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

கடைசிக் கூடம் பெரிய கல்யாண மண்டபம் போல உயரமாக இருந்தது. கூரையிலிருந்து திமிங்கிலம் தொங்கியது. பெரியவள் வாய் பிளந்து நின்றாள். பிறகு மடை திறந்த மாதிரி பேசத் தொடங்கினாள். கணவன் எப்போது கூப்பிடுவானோ என்று தாயின் கண்ணோ கையிலிருந்த போனை விட்டு நகரவில்லை.

"அம்மா, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"ஏதோ... எலும்பு."

பெரியவள் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் வீட்டுக்குப் போலாம்னு சொல்றது எப்பவும் தம்பிக்காக இல்லம்மா. இங்க வந்தாலும் நீ இங்க இருக்க மாட்டே. அதான்."

சுருக்கென்றது. மகள் விட்டுக்கொடுக்கிறாள் என்று இத்தனை நாள் பெருமையும் வருத்தமுமாக இருந்தவள் அவள். பெண் தனியாக ஏங்கியிருக்கிறாள் என்று தோன்றியதே இல்லை. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மன்னிச்சுக்கடி. மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

பெரியவள் சற்றுத் தயங்கிவிட்டு, திமிங்கிலத்தின் முன்துடுப்பைக் காட்டினாள். "அதுக்குள்ள பாரு. விரல் எலும்பு."

உண்மைதான். துடுப்புக்குள் நீள நீளமாய் விரல்கள். அவள் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். மகளும் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

அப்படியே அண்ணாந்தபோதுதான் தாய் பார்த்தாள்: சுவரோரமாக ஒரு கண்ணாடி லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சின்னவன், இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் பதிய நின்றான். காதில் கை இல்லை. திமிங்கிலத்தின் விலா எலும்புகள் அவன் முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பின்னால் கணவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். லிஃப்ட் உச்சிக்குப் போய்த் திரும்ப இறங்கியது.

அவள் ஓடப் பார்த்தாள். பிறகு நின்றுவிட்டாள். சின்னவன் அம்மாவைத் தேடவில்லை. திமிங்கிலத்தை விட்டு அவன் கண் நகரவேயில்லை.

"சத்தத்துக்குத் தப்பிக்கத்தான் உள்ள நுழைஞ்சேன்" என்றான் கணவன் பிற்பாடு. "கதவு சாத்தினதும் காதை விட்டுட்டான். அதுக்கப்புறம் எறங்கச் சொன்னா யாரு கேக்கறா? வாட்ச்மேன் மொதல்ல மொறைச்சாரு. இவன் மூஞ்சியப் பாத்துட்டு, நடக்க முடியாதவங்க வந்தா மட்டும் வழி விடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் இரண்டு ஜோடியாகப் பிரிவது வழக்கமாயிற்று. யார் யாரோடு என்பது மாறிக்கொண்டே இருக்கும். சில நாள் சரிப்பட்டு வரும், சில நாள் சின்னவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான்.

அடுத்து எங்கே என்பதைப் பெரியவளே சொன்னாள்: பழைய ரயில் எஞ்சின்களின் கண்காட்சி.

"விசில் அடிப்பாங்களே" என்றாள் தாய்.

"அடிப்பாங்க. எனக்குப் பாக்கணும்."

"சரி, போவோம்" என்றாள் அவள்.