ஹியூபேட்டின் பிடரி

1
முதலில் பாவசங்கீர்த்தனம். இந்தக் கதை பிறந்தது என் வாயில். கொட்டாஞ்சேனைக் கோவிலில் ஹியூபேட்டுக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். பிரசங்கம் நீளம், அவன் பிடரியோ கிட்ட. அங்கே சிவந்து நீர் கசியும் புண். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "பெருநோயோ தெரியாது" என்றேன். ‘தெரியாது’ எங்கள் படலையைத் தாண்டவில்லை. மற்றது, குட்டம் என்ற பெயரில், பின்னேரத்துக்குள் கொச்சிக்கடைக்குப் போய்விட்டது.

2
‘1938, துறைமுகக் காற்று மெல்ல...’ (வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை.)

ஹியூபேட் துறைமுகக் கிட்டங்கியில் கிளாக்கர். அவனுக்கும் ஐறீனுக்கும் கல்யாணம் என்று கோவிலில் அறிவிக்கும் ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவதும் கடைசியுமான ஞாயிறு சுவாமியார் தடை உண்டா என்று கேட்கும்போது எழும்பி நோயைச் சொல்லப்போவதாக ஐறீனின் தாய் றோஸி அறிவித்துவிட்டா.

3
ஊரார் புண்ணுக்கு ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தார்கள். சவுக்காரத்தை நிறுத்தினான், மணத்தான். இறாலை நிறுத்தினான், மெலிந்தான். கடைசியில் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அந்தோனியாரையும் கழற்றி வைத்தான். புண் அசையவில்லை. புனிதர் விடுதலையானார்.

(ஹியூபேட்டை ஓரிடத்திலாவது கோபப்பட வைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்கிறான். இவ்வளவு நல்லவனை வாசகர் நம்புவார்களா என்று...)

4
சனி பின்னேரம் அவன் ஐறீன் வீட்டுக்கு வந்தபோது றோஸி அவனுக்குக் கதிரையை வாசலோடு தள்ளிப் போட்டா. ஐறீன் எழும்பி அவனிடம் போனாள்.

"குனியுங்கோ."

கொலரைப் புரட்டினாள். "அம்மா, இங்க வாங்கோ. டோபி போட்ட குறி. புண் இதுக்கு நேரே இருக்கு."

றோஸி இருந்த இடத்திலேயே சொன்னா: "டோபி எல்லாற்ற சட்டைக்கும்தான் குறி போடுறான். உன்ர அப்பாவுக்கு வந்ததோ?"

"அப்பாவுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் சாப்பிடுறீங்கள்தானே?"

(உடுப்பு மாறாமலிருக்க டோபி சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார். சிலர் தோலுக்கு அது ஆகாது. அவரைத் திட்டாதீர்கள், நூலால் போடச் சொன்னால் போடுவார்.)

இரண்டு வாரமாக எல்லாரும் அந்தப் பிடரியைப் பார்த்தோம். கிட்டப் போய்ப் பார்த்தவள் ஒருத்திதான்.

5
முடிவு ஒன்று: புண் ஒரே இரவில் ஆறுகிறது. (தோல் கதாசிரியருக்குக் கீழ்ப்படியாது.)

முடிவு இரண்டு: நான் றோஸியிடம் போய், அந்தக் கதையைத் தொடக்கியவன் நான்தான் என்கிறேன். இது நடந்தது. "இப்ப சொல்லி என்ன?" என்று கேட்டா. அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

முடிவு மூன்று: ஞாயிறு. ஓலை வாசித்து முடிந்தது. தடை உண்டா என்று சுவாமியார் கேட்கிறார். றோஸியின் கை முன் வாங்கைப் பிடிக்கிறது. எழும்பவா, விழாமல் இருக்கவா, எனக்குத் தெரியவில்லை. மகளின் மாப்பிள்ளைக்கு நோய் என்ற பேச்சால் அந்த வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை; ஐறீன் பாட்டுக்குழுவோடு மேலே. நான் ஆண்கள் பக்கம், போக முடியாது.

வாசகரே, நீங்கள் போங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். கிட்டப் போய் இருங்கள். மிச்சத்தை அவ தீர்மானிக்கட்டும்.