சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

டாக்டரம்மா ஊசியில் இழுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. பால் விடாத காப்பியின் நிறத்தில் இருந்தது. குழந்தை பிறந்து ஐம்பது நாள்தான் ஆகிறது. உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடந்தன. அதன் அப்பாவான விவசாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாய்ப்பாலா?"

"பால் ஊறல டாக்டர். பவுடர்தான்" என்றாள் அவன் மனைவி. "ஆனா தண்ணில குறை வைக்கல. எங்க கிணத்துத் தண்ணியப் பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சுவேன். புள்ளைக்கு உடம்பு முடியாமப் போனதுலேர்ந்து இன்னும் அதிகமாவே காய்ச்சினேன்."

"கிணறு எங்க இருக்கு?"

"வயலுக்கு நடுவுல."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "பயிர் எடுத்துக்கிட்டது போக மிச்ச உரம் மழையோட மண்ணுல இறங்கிக் கிணத்துக்கு வந்துரும். பெரியவங்க தாங்கிடுவாங்க. பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தையே கெடுத்துடும். காய்ச்சினா கிருமிதாம்மா சாகும். தண்ணி சுண்டச் சுண்ட உரம்தான் மிஞ்சும்."

"அப்ப நான்தான் கொடுத்திருக்கேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"மருந்து ஏத்துறோம். காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது."

அவனுக்கு உர மூட்டைகள் நினைவுக்கு வந்தன. விதைத்த புதிதில் அவள் படித்துப் படித்துச் சொன்னாள், அளவாகப் போடுங்கள் என்று. பிள்ளை பிறக்கிற வருஷம், விளைச்சலை அள்ளிவிட வேண்டும் என்று இவனுக்கு ஒரு வெறி. மூன்றே மூட்டைதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, அவள் கண்ணில் படாமல் போட்டுக்கொண்டே இருந்தான். வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏமாற்றுவதில் அன்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

மாற்றுத் துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தான். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்னப்பா, உன் பயிர் மட்டும் இப்படிக் கருகருன்னு நிக்குது? கண்ணு பட்டுடப் போகுது" என்று சிரித்தார். கிணற்றைச் சுற்றிப் பயிர் மதமதவென்று நின்றது. அவன் மோட்டார் அறைக்குள் போய், மூலையில் சுருட்டி ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். துணி எடுக்க மறந்தே போனான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காலடியில் அதை வைத்தான். காலி உரப்பைகள். அவள் கொஞ்சநேரம் புரியாமல் பார்த்தாள். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பக்கத்தில் அடுக்கினாள். மூன்றுக்குப் பிறகும் அவள் கை நிற்கவில்லை. ஏழாவது பையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"மூணுன்னுதானே சொன்னீங்க" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. நகங்கள் இன்னும் நீலமாகவே இருந்தன.