இரண்டாவது சுற்று

"ஒரு கோட்டுக்கு ஒரு ஆள் நில்லுங்க. உள்ள இடம் கம்மி. பாத்தவங்க அந்தப் படி வழியா எறங்கிடுங்க."

சொன்னவர் இறந்தவரின் அண்ணன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தம்பி செத்துக் கிடக்கும் வீட்டிலும் அவரால் கூட்டத்தைச் சும்மா விட முடியவில்லை. மூன்றாவது மாடி நடையில், லிஃப்டிலிருந்து வீட்டு வாசல்வரை, தரையில் மஞ்சள் டேப் ஒட்டிய பன்னிரண்டு கோடுகள் இருந்தன. நல்லதாகப் போயிற்று என்று ஆட்களை அவற்றின்மேல் நிறுத்திவிட்டார். கோடுகள் எதற்கு என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

இறந்தவரின் மனைவி படுக்கையறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து இதைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மகள் உட்கார்ந்து அப்பாவின் பெல்ட்டுக் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். பன்னிரண்டு வயது. பேச்சு வராது. கால்களில் தாங்கி மாட்டினால் நடப்பாள், அதுவும் எண்ணி எண்ணி. அதனாலேயே அப்பா அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்திருந்தார்.

நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"புள்ளைய பக்கத்து வீட்ல விட்டுடலாமா? பதினோரு மணிக்கு வண்டி வந்துரும். இவ கத்த ஆரம்பிச்சா யாரால நிறுத்த முடியும்? அவனுக்குத்தான் அந்த வித்தை தெரியும்."

"யோசிக்கிறேன் அண்ணி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவளுக்கு என்ன புரியப் போகுது, பாவம்."

நாத்தனாருக்குக் கெட்ட மனசு இல்லை. அழுதழுது முகமே வீங்கியிருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சு மனைவியைச் சுருக்கென்று தைத்தது. என்ன புரியும் என்று இவளுக்கும்தான் தெரியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் நேற்று மதியம் ஏதோ ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடிக்கிறது என்று கூட வேலை பார்த்தவரிடம் சொல்லி உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். ஆறு மணிக்கு எக்ஸ்பிரஸ் வழக்கம்போல லிஃப்ட் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கதவு திறக்கும், யாரோ இறங்குவார்கள், மூடும். கடைசியில் அவளை இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் நிற்பாள். நாளையும் நிற்பாள். முடிந்துவிட்டது என்று அவளுக்கு யாராவது காட்டாவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே நிற்பாள். அதைக் காட்டத் தெரிந்த ஒரே ஆள் ஹாலில் படுத்திருந்தார்.

முதல்முறை தீம் பார்க்குக்குப் போன கதை பெரிய கூத்து. வட்டமாகச் சுற்றும் குட்டி ரயிலில் ஏறியவள், அது நின்றதும் இறங்க மறுத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தூக்கப் போன அப்பாவின் கையைக் கடித்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒருத்தி, "இந்த மாதிரிப் புள்ளைங்கள எதுக்கு இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றாங்க" என்றாள், காதில் விழட்டும் என்றே. இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று இவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அவர் கடிபட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுறதுல கோளாறு இல்ல, எறங்குறதுலதான். எங்க கோளாறுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம்."

மறுநாளே மஞ்சள் டேப் வந்தது; நடையில் கோடுகள் ஒட்டினார், அதுதான் வரிசை. ஹாலில் நான்கு நாற்காலிகளைப் போட்டார், அதுதான் ரயில். துடைப்பக் கட்டைதான் கம்பி. வேலையிடத்தில் இரைச்சலுக்குப் போடும் காதுமூடி ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிதாக இருந்ததால் இவள் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். சட்டங்களையும் அவரே போட்டார். கோட்டுக்குக் கோடு நின்று நகர வேண்டும். முறை வராமல் ரயிலைப் பார்க்கக்கூட ஆசைப்படக் கூடாது. எதுவானாலும் இரண்டு சுற்று. முதல் சுற்று முடிந்ததும் கம்பியில் இரண்டு தட்டு தட்டி, ஒரு விரலைக் காட்ட வேண்டும், இன்னும் ஒன்று பாக்கி என்று. பிறகு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இரண்டாவதும் முடிந்தால், தட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். அப்படியென்றால் முடிஞ்சுது. கூட இருக்கும் எல்லாரும் விரித்துக் காட்டினால்தான் இடத்தைவிட்டு நகரலாம்.

எட்டு வாரம் தினமும் இதே வேலை. இவளுக்கு அடுப்பில் ஏதாவது இருக்கும், கையை விரிக்க மறந்துபோவாள். "உன் பொண்ணு எறங்கிட்டா. நீ இன்னும் எறங்கலையா?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேலி செய்வார்.

ஒன்பதாவது வாரம் பார்க்குக்குப் போனபோது எக்ஸ்பிரஸ் ரயிலிலிருந்து தானாகவே இறங்கினாள். அவர் பார்க்கிங்கில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு நான்கு வருடமாக மாதம் தவறாமல் போனார்கள்.

கொக்கிச் சத்தம் நின்றிருந்தது. இவள் திரும்பிப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் எழுந்து வந்து கதவைத் திறந்து, வெளியே கோடுகளின்மேல் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பார்க்குக்குன்னு நெனச்சுட்டா பாரு," என்றாள் நாத்தனார். "புடி அவளை."

பிடிக்க நீண்ட இவள் கை பாதியில் நின்றது.

"விடுங்க அண்ணி. வரிசைல நிக்கட்டும்."

"எல்லார் முன்னாடியும் கத்தினா?"

"கத்தினா கத்தட்டும். அவ அப்பாதானே."

ஹாலைக் கடக்கும்போது எக்ஸ்பிரஸ் அப்பாவைக் கிடத்தியிருந்த இரும்புக் கட்டிலின் பக்கம் திரும்பவே இல்லை. முறை வரவில்லையே. நேராக நடையின் கோடிக்குப் போய், லிஃப்டை ஒட்டிய கடைசிக் கோட்டில் நின்றாள். இவளும் பின்னாலேயே போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் பதறி ஒதுங்கினார்கள்.

"புள்ளைய முன்னாடி விடுங்கப்பா," என்றார் கண்டக்டர்.

"வேணாம் அத்தான். அவளுக்கு நிக்கத் தெரியும்."

பன்னிரண்டு கோடுகளையும் எக்ஸ்பிரஸ் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். கட்டிலுக்கு வந்ததும் அப்பாவை நன்றாகப் பார்த்தாள். அவருடைய வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, அவள் கடித்த தழும்பு இன்னும் இருந்தது. அவள் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள். ஒரு விரலைக் காட்டினாள். காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"வண்டி வந்துருச்சும்மா," என்றார் கண்டக்டர் மெதுவாக. "கீழ ரொம்ப நேரம் நிறுத்த முடியாதாம்."

"ரெண்டு சுத்து அத்தான். உங்க தம்பி போட்ட சட்டம். இந்தக் கோடெல்லாம் அதுக்குத்தான் ஒட்டினாரு."

கண்டக்டர் குனிந்து காலடியைப் பார்த்தார். தன் சர்வீஸில் யாருக்காகவும் பஸ்ஸை நிறுத்தி வைக்காத மனிதர். கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, இரு என்று டிரைவருக்குக் கை காட்டினார். வரிசையில் இப்போது ஆளே இல்லை. எக்ஸ்பிரஸ் கடைசிக் கோட்டில் நின்றபடி முன்னால் இருந்த காலிக் கோடுகளைப் பார்த்துக் குழம்பினாள். கண்டக்டர் தானே போய் ஒரு கோட்டில் நின்றார். அவருக்குப் பின்னால் நாத்தனார் வந்து நின்றாள். படியிறங்கிப் போனவர்களில் சிலர் மேலே ஏறி வந்தார்கள்.

இரண்டாவது சுற்று அதிக நேரம் எடுத்தது. எக்ஸ்பிரஸ் கட்டிலுக்கு வந்து, கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள். இந்தத் தடவை இரண்டு கைகளையும் விரித்தாள். கத்தவில்லை. சுற்றிலும் பார்த்தாள். புரிந்துகொண்டவர் கண்டக்டர்தான்; தன் பெரிய கைகளை விரித்தார். அவரைப் பார்த்து நாத்தனார் விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள்.

எக்ஸ்பிரஸ் அம்மாவிடம் வந்து நின்றாள்.

இவளால் முடியவில்லை. கைகள் இரண்டும் வயிற்றோடு இறுகிக் கிடந்தன. விரித்துவிட்டால் அவரைக் கீழே கொண்டுபோய்விடுவார்கள்.

எக்ஸ்பிரஸ் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். பிறகு அம்மாவின் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். கீழே வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஐந்து விரலும் நிமிர்ந்ததும், அது மறுபடி மடங்காமல் இருக்கத் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, இடது கையைப் பிடித்தாள்.