மானிட்டரை அணைத்த பிறகு

கரண்ட் போனதும் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதன் மேல் அழியாமல் இருந்தது. பொட்டு வைக்க மறக்காதவர்கள் பேட்டரி மாற்ற மட்டும் வருஷக்கணக்கில் மறந்திருந்தார்கள். 2008-ல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெனரேட்டரோ ரிப்பேராகிக் கிடந்தது. இந்தப் பழைய பேட்டரி பத்து நிமிஷம் தாங்கினாலே பெரிய விஷயம்.

ஆபீஸ் கிளார்க் பர்ஹானாவின் கம்ப்யூட்டரிலிருந்து டெண்டர் மெயில் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஃபைல், மந்தமான லைன், பாதிகூடத் தாண்டவில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு மெயில் காத்திருந்தது. காலையில் பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்ட அரசப்பனின் ஆபரேஷன் செலவைக் கம்பெனி ஏற்கும் என்று மேனேஜர் யேசுதாஸ் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. அந்தக் கடிதம் வராமல் ஆபரேஷன் கிடையாது என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். துண்டான விரல்களை ஐஸில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அவள் செல்போன் அடித்தது. அரசப்பனின் மனைவி அஞ்சம்மாள்.

“பாப்பா, லேட்டானா வெரல ஒட்ட வெக்க முடியாதாம். லெட்டரு இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கினே கீறாங்க!”

“இதோ அனுப்பறேங்கா.”

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த யேசுதாஸிடம் திரும்பினாள்.

“சார், டெண்டர நிறுத்திட்டு லெட்டர அனுப்பிடட்டுமா?”

“வெளாட்றியா? மூணு மணிக்கு டெண்டர் க்ளோஸ், இன்னும் கால் மணி நேரந்தான் இருக்குது. நிறுத்துனா மறுபடியும் மொதல்ல இருந்து போவணும், பேட்டரி தாங்காது. லெட்டர் கரண்ட் வந்ததும் அனுப்பிக்கலாம்.”

“வரலன்னா சார்?”

“வரும்.”

ஈபிக்காரன் இவர் காதில் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனான் போலிருக்கிறது. ஆனால் கெட்ட மனுஷன் என்றும் சொல்லிவிட முடியாது. அரசப்பனைத் தூக்கி வண்டியில் ஏற்றியவரே அவர்தான். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. டெண்டர் தவறினால் முதலாளி அவரை வைத்திருக்க மாட்டார். அது பர்ஹானாவுக்கும் தெரியும்.

யூபிஎஸ் இப்போது விடாமல் கத்தியது.

“மானிட்டர அணைச்சா இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் சார்.”

“அணை, சீக்கிரம்!”

அவள் மேஜைமேல் குனிந்தாள். முதுகு திரையை மறைத்தது. டெண்டர் போனால் இன்னொரு டெண்டர் வரும். அரசப்பனுக்கு விரல் எங்கிருந்து வரும்? கவரைப்பேட்டையில் வீடு ஓடுவதே தன் சம்பளத்தில்தான் என்ற நினைப்பும் வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. டெண்டர் மெயிலை நிறுத்தினாள். கடிதத்தை அனுப்பினாள். பிறகு மானிட்டரை அணைத்தாள்.

இனி பார்ப்பதற்கு மோடத்தின் சின்னப் பச்சை விளக்கு மட்டும்தான். அது விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

“போய்க்கினு இருக்குதா?”

“போய்க்கினு இருக்குது சார்.”

“ஏசப்பா, போயிடணும்” என்று யேசுதாஸ் முணுமுணுத்தார். பர்ஹானா மனதுக்குள் அல்லாவைக் கூப்பிட்டாள். இருவரும் ஒரே விளக்கைப் பார்த்துத்தான் வேண்டிக்கொண்டார்கள், வேறு வேறு காரியத்துக்காக.

விளக்கு துடிப்பது நின்றது. அடுத்த நொடி யூபிஎஸ் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது.

“போயிடுச்சா?”

அவளுக்கும் தெரியவில்லை. அப்போது யேசுதாஸின் போன் அடித்தது. முதலாளி என்று நினைத்து அவர் பதறி எடுத்தார். அஞ்சம்மாளின் அழுகை அறை முழுக்கக் கேட்டது.

“சார்! லெட்டரு வந்துட்ச்சு சார்! ஆபரேசனுக்கு உள்ள இட்டுக்கினு பூட்டாங்க! நீங்க நல்லா இருக்கணும் சார்!”

யேசுதாஸ் பர்ஹானாவைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

“டெண்டர் போகல சார். நாந்தான் நிறுத்தினேன்.”

“சார், கேக்குதா சார்?” என்றது போன்.

“கேக்குதும்மா” என்றார் அவர். “நாந்தான் அத மொதல்ல அனுப்பச் சொன்னேன்.”

போனை வைத்துவிட்டு, “நாளையிலருந்து நீ வர வேணாம்” என்றார் பர்ஹானாவிடம்.